மாயாற்றங்கரையில் பங்குனி

வியாழன், ஊட்டி

பங்குனியில் நீலகிரிக்குப் போகிறேன் என்று சொன்னால், "மே மாசம் போனா மலர்க் கண்காட்சி பாக்கலாமே" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மலர்க் கண்காட்சியோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் நான் பார்க்க வந்தது மலையின் முதுகுப்பக்கத்தை. தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், தேவாலா பக்கமே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, வடகிழக்கே இறங்கும்போது வெறுங்கையோடு வருகிறது. அந்த மழைமறைவில் கிடக்கிற மேட்டுநிலம்தான் சீகூர் பீடபூமி. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், ஆனைகட்டி, சிறியூர் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். முள்ளும் கல்லும் வெயிலும். வடக்கு ஓரத்தில் மாயாறு. பாலைவனம் என்று சொன்னால் புவியியல் வாத்தியார் அடிக்க வருவார். ஆனால் பங்குனியில் அங்கே நின்றால் அந்தச் சொல்தான் வாயில் வரும்.

இலை இல்லாத காலம், தண்ணீர் ஓரிரு இடங்களில் மட்டும் மிஞ்சிய காலம். பறவை பார்க்க இதைவிட என்ன வேண்டும்? மறைவும் கிடையாது, வேறு போக்கிடமும் கிடையாது. வடக்கே திரும்ப வேண்டிய வலசைப் பறவைகளும் இன்னும் முழுசாகக் கிளம்பியிருக்காது.

கூட வந்திருப்பவர் சித்தப்பா. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பறவைகளில் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. "நீ குருவியப் பாரு அம்மிணி, நான் மாட்டப் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் பையைத் தூக்கினார்.

மதியம் கெயர்ன்ஹில் காட்டுக்குப் போனோம். வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் சைப்ரஸ் மரங்களின் இருட்டு. கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பான் பாதை ஓரத்துப் புதரிலேயே, முழங்கால் உயரத்தில், ஆளைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. இங்கே என்னவோ வீட்டுக் கோழி மாதிரி நடந்துகொள்கிறது. நீலகிரி சிரிப்பான்கள் கண்ணில் படவில்லை, காதில் மட்டும் விழுந்தன. அந்தக் கூட்டுச் சிரிப்பைக் கேட்டுச் சித்தப்பா, "யாரைப் பாத்து?" என்றார்.

நான் தேடியது காஷ்மீர் ஈப்பிடிப்பானை. காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் கூடு கட்டி, குளிர்காலத்தை இந்த மலைகளிலும் இலங்கையிலும் கழிக்கிற பறவை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் மங்குகிற வேளையில் ஒரு ஆண் பறவை கண்ணில் பட்டது. தொண்டையும் மார்பும் செங்கல் நிறம், இரு ஓரத்திலும் கரி இழுத்தாற்போலக் கறுப்புக் கோடு. சில வினாடிதான். இன்னும் கொஞ்ச நாளில் இந்தியாவின் தெற்கிலிருந்து வடக்குவரை பறந்தாக வேண்டும். கட்டைவிரல் கனம்கூட இல்லாத உடம்பு.

குளிர் அதிகம் இல்லை. இரவு சப்பாத்தி, குருமா. வேறு ஒன்றும் இல்லை.

வெள்ளி, மசினகுடி

தலைக்குந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகள் அதிகம் என்பதால் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் அரசுப் பேருந்தில் வருவதுதான் நிம்மதி. எங்கள் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு, அடுத்த வளைவு வரும்வரை நடத்துநரிடம் மகள் கல்யாணப் பேச்சைத் தொடர்ந்தார். பத்தாவது வளைவுக்குள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது பேருந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்த இறக்கத்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்கு, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறோம். மேலே தேயிலையும் சோலையும் யூகலிப்டஸும். பாதி வழியில் புல்சரிவு, பாறை. கடைசி வளைவுகளில் இலையுதிர்த்த மரங்கள், கள்ளி, முள். ஸ்வெட்டரைக் கழற்றி, பிறகு சட்டைக் கையை மடித்து, கீழே வந்து சேரும்போது துண்டை நனைத்துத் தலையில் போட வேண்டியிருக்கிறது. பறவைகளும் அடுக்கடுக்காக மாறுகின்றன. செம்மீசைச் சின்னான் போய்ச் செங்குதச் சின்னான் வருகிறது. அதற்கும் கீழே, புதருக்குள்ளிருந்து வெண்புருவச் சின்னான் சண்டைக்கு வருகிற மாதிரி கத்துகிறது.

மசினகுடி கடைவீதியில் ஜீப்புக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "புலி பாக்கணுங்களா?" இல்லை, பறவை என்றதும் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். மிச்சம் நின்றவர்களில் ஒருவர், "மின்சிட்டு பாக்கணுமா, பாறு பாக்கணுமா?" என்று கேட்டார். பாறு என்றால் நம் ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்போமே, அதுதான். அவரையே பிடித்துக்கொண்டோம். இருளர் சமூகத்துக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சித்தப்பாவை ஐயா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுகிறார். நான் அவரை அண்ணா என்கிறேன். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்துக்கொள்ளவில்லை.

அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: காட்டுக்குள் கால் வைப்பது கிடையாது. இது முதுமலைப் புலிகள் காப்பகம். 1940இல் சரணாலயமாக ஆரம்பித்தது, 2007இல் புலிகள் காப்பகமானது. இதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஊர் ஓரம், பட்டா நிலம், பேருந்து போகிற சாலை, அனுமதி உள்ள இடம், அவ்வளவுதான். அதுவும் தீ பரவும் காலம். பீடிக்காரர்கள் கவனம். சித்தப்பா உடனே, "நான் விட்டு பல வருசமாச்சுங்க" என்றார். யாரும் கேட்கவே இல்லை.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூருக்கு மேற்கே கேரள எல்லையில் ஒரு ஆனைகட்டி இருக்கிறது. சலீம் அலி பறவையியல் மையம் அங்கேதான். இங்கே மசினகுடிக்குக் கிழக்கே இருப்பது வேறு ஆனைகட்டி. கூகுளை நம்பி இதற்குப் பதில் அதற்குப் போய் இறங்கியவர்கள் உண்டாம்.

சனி, பொக்காபுரம்

மாசித் திருவிழாவுக்குப் பொக்காபுரம் மாரியம்மன் கோயிலில் ஊரே கூடும். இப்போது ஆள் அரவமே இல்லை. விடிகாலையில் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து ஓரம் உட்கார்ந்தோம். அண்ணன் இடம் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. அருவியையோ குன்றையோ அவர் காட்டவில்லை. சிமெண்ட் தொட்டி ஒன்று, அதற்கு வருகிற குழாயில் இணைப்பு கசிகிற இடம். ஒரு தாம்பாளம் அளவுக்கு ஈரமண், நடுவில் விரல் ஆழம் தண்ணீர். பக்கத்தில் ஒரு புரச மரம், இலை ஒன்றுகூட இல்லாமல் முழுக்கப் பூ.

"இங்கயே உக்காருங்க. நீங்க தேடிப் போக வேண்டாம், எல்லாம் இங்கதான் வரும்" என்றார்.

முதலில் வந்தவை தவிட்டுக்குருவிகள். ஏழெட்டு சேர்ந்து வந்து, குளிப்பதற்கு முன்பே சண்டை. அவை போனதும் கருஞ்சிட்டு ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு. அடுத்து ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஒரு ஜோடி. அவை குழாயைச் சீண்டவில்லை, நேரே புரசம்பூவுக்குப் போய்விட்டன. புரசம்பூவைக் கிட்டத்தில் பார்த்தால் கிளிமூக்கு வடிவம். உள்ளே போக தேன்சிட்டு தலைகீழாகத் தொங்குகிறது. வெளியே வரும்போது நெற்றியில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. மைனாக்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பூவைப் பிய்த்துத் தேனைக் குடித்துவிட்டுக் கீழே எறிகின்றன. மரத்தடி முழுக்க ஆரஞ்சு நிறம். அந்த உதிர்ந்த பூவைத் தின்ன இரண்டு புள்ளிமான்கள் வந்து, எங்களைக் கண்டதும் நின்றுவிட்டன.

கவுதாரி கூப்பிட்டது. தூரத்தில் மயில். செம்மார்புக் குக்குறுவானின் டொக் டொக் நிற்கவே இல்லை. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். முள்மரத்தின் உச்சியில் நான்கு சின்னப் பறவைகள், மரங்கொத்தி அளவுகூட இல்லை. வெண்வயிற்று மின்சிட்டு! ஆணுக்கு முதுகும் தலையும் பளபளக்கிற கறுப்பு, வயிறு வெள்ளை, மார்பில் மட்டும் ஆரஞ்சு தீற்றல். பறக்கும்போது இடுப்பிலும் அதே ஆரஞ்சு. வறண்ட முட்காட்டை விட்டு ஈரக்காட்டுக்கு இது போகாது. தமிழ்நாட்டில் இதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மசினகுடிக்குத்தான் ரயிலேறுகிறார்கள். நான்கும் மரம் மரமாகப் பூச்சி பொறுக்கிக்கொண்டே எங்கள் தலைக்கு மேலே போயின. நான் படம் எடுக்கவில்லை. பைனாகுலரைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

எனக்கு ஒரு கருத்து உண்டு. பறவை பார்ப்பவர்கள் ஓடுகிறோம். ஒரு காலையில் எத்தனை வகை என்று செயலியில் ஏற்றுவதற்காக இங்கே பத்து நிமிடம், அங்கே பத்து நிமிடம். ஈரக்காட்டில் அது சரிவரலாம். இந்த மாதிரி வறண்ட இடத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் காலை நீட்டி உட்காருவதுதான் வேலை. பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். கூடு கட்டும் காலத்தில் அதைச் செய்வது, அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிடுவதற்குச் சமம். அண்ணனும் அப்படிப்பட்டவர்களைக் கூட்டிப் போவதில்லையாம்.

சாயங்காலம் சித்தப்பாவின் நேரம். மசினகுடி ஓரத்தில் ஒரு மாட்டுப்பட்டி. இந்தப் பக்கத்து நாட்டுமாடுகள் பாலுக்காக மட்டும் வளர்க்கப்படுவதில்லை. சாணம்தான் வருமானம், கேரளத் தோட்டங்களுக்கு லாரியில் போகும் என்றார் பட்டிக்காரப் பெரியவர். சித்தப்பா ஒரு மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்து, இமையைத் தூக்கிப் பார்த்து, பிறகு சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"காய்ச்சல், வீக்கம்னா என்ன ஊசி போடறீங்க?"

"டாக்டர் வந்து போடறதுதானுங்க."

"டாக்டர் வராத அன்னைக்கு?"

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மெடிக்கல்ல கேட்டா ஏதாச்சும் குடுப்பாங்க" என்றார்.

சித்தப்பா மேலே கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போது, "நாளைக்கு அந்தப் பாறுகளப் பாத்துட்டு உனக்கு ஒண்ணு சொல்றேன்" என்றார். கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கிக் குடித்தோம். ஏலக்காய் கொஞ்சம் அதிகம்.

ஞாயிறு, மாயாற்றுப் பள்ளத்தாக்கு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

மாயாறு முதுமலைக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூருக்கும் எல்லையாக ஓடி, மாயார் ஊருக்குப் பக்கத்தில் அருவியாக விழுந்து ஒரு ஆழமான பிளவுக்குள் இறங்குகிறது. இந்தப் பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சுவர், அந்தப் பக்கம் மைசூர்ச் சமவெளியின் விளிம்பு. பிளவுக்குள் ஆற்றின் இரு கரையிலும் மட்டும் பச்சை: நீர்மருது, புங்கம், நாவல், மூங்கில். அந்தப் பச்சைக் கோட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி வந்தால் மறுபடியும் முள். மேலே நின்று பார்த்தால் ஆறு தெரிவதில்லை. மரங்கள் போகிற வழியை வைத்துத்தான் ஆற்றின் போக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நீர்மருதுகளில்தான் பாறுகள் கூடு கட்டுகின்றன. பாறு என்றால் நம் ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்போமே, அதுதான். தென்னிந்தியாவில் பாறுகள் மிஞ்சியிருக்கும் மிக முக்கியமான இடம் இந்தப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு மரத்தில் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறு பாறை முகட்டில். செந்தலைப் பாறு தனி ஜோடியாக, கூட்டம் சேராமல். மஞ்சள்முகப் பாறும் எப்போதாவது வரும். கூடு இருக்கும் இடத்தை இங்கே எழுதமாட்டேன். நாங்கள் நின்றதும் வெகுதூரம் தள்ளி, அனுமதி உள்ள இடத்தில்தான். ஸ்கோப்பை, அதாவது பெரிய தொலைநோக்கியை, முக்காலியில் பொருத்திப் பார்த்தோம்.

காலை எட்டரை வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மரத்தின் உச்சிக் கிளைகள் சுண்ணாம்பு அடித்தாற்போல எச்சத்தால் வெளுத்திருந்தன. அதன்மேல் கறுப்பாகச் சில உருவங்கள், கூனிக்கொண்டு. பாறு கனமான பறவை. இறக்கையை அடித்தே பறந்தால் கட்டுப்படியாகாது. பாறை சூடேறி, காற்று மேலெழும்பும் வரைக்கும் காத்திருக்கும். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "ரிட்டயர்டு ஆளுக மாதிரி" என்றார்.

கூட்டைப் பார்த்தேன். குச்சிகளால் ஆன அகலமான மேடை. ஓரத்தில் பச்சை இலைக்கொத்து ஒன்று செருகியிருந்தது. அதன் நடுவே குஞ்சு. குஞ்சு என்று சொல்லக்கூடாது, கோழியைவிடப் பெரிதாக இருந்தது. உடம்பில் கருஞ்சாம்பல் இறகு முளைத்துவிட்டது, தலையிலும் கழுத்திலும் இன்னும் வெள்ளைப் பஞ்சு. எழுந்து நின்றது, இறக்கையை விரித்தது, காற்று அடித்ததும் தடுமாறி உட்கார்ந்தது. மறுபடியும் எழுந்தது. பக்கத்துக் கிளையில் தாயோ தகப்பனோ, கழுத்தை இறகுக்குள் செருகிக்கொண்டு, எதையும் பார்க்காத மாதிரி. வெண்முதுகுப் பாறு வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட நாலைந்து வருடமாகும். ஒரு கூடு கெட்டுப்போனால் அந்த ஜோடிக்கு அந்த வருடம் போயிற்று.

ஒன்பதரைக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பின. கிளையிலிருந்து விழுகிற மாதிரி இறங்கி, இரண்டே இறக்கையடி, அப்புறம் சுழல். அடியிலிருந்து பார்த்தால் இறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. திரும்பும்போது முதுகில் வெள்ளைத் திட்டு. தனியாக வந்த ஒன்று அண்ணனைத் துள்ள வைத்தது. செந்தலைப் பாறு. உடம்பு முழுக்கக் கறுப்பு, தலையும் கழுத்தும் பச்சை இறைச்சி நிறம், கால் சேரும் இடத்தில் வெள்ளை. ஸ்கோப்பில் கண்ணைப் பார்க்க முடிந்திருந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லலாம். ஆணுக்கு வெளிறிய கண், பெண்ணுக்குக் கரும்பழுப்பு. அது அவ்வளவு நேரம் தரவில்லை.

சித்தப்பா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார். டைக்ளோஃபினாக் என்கிற வலிநீக்கி. மனிதர்களுக்கு மூட்டுவலிக்குக் கொடுப்பது. மாட்டுக்கும் வந்தது. விலை மலிவு, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் படுத்த மாடு எழுந்து நிற்கும். விவசாயிக்கும் சந்தோஷம், டாக்டருக்கும் நல்ல பேர். ஊசி போட்டும் பிழைக்காத மாடு ஒன்றிரண்டு நாளில் செத்தால், அதைத் தூக்கிக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே போடுவார்கள். பாறு வந்து தின்னும். தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளைப் படலமாகப் படியும். கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து கீழே விழும்.

"ஏன்னு யாருக்கும் புரியல அம்மிணி. ஏதோ வைரஸ்னு நெனச்சாங்க. 2004ல்தான் மருந்துன்னு தெரிஞ்சுது."

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைந்துவிட்டன. எல்லா மாட்டுப் பிணத்திலும் மருந்து இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே இந்தச் சரிவு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தின் மேல் ஒரு கூட்டமே இறங்குமல்லவா. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. 2015இல் ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் குப்பியில் அடைக்கக்கூடாது என்று ஆனது. மாட்டுக்கு அத்தனை சின்னக் குப்பிகளை உடைப்பது வேலைக்காகாது என்பதுதான் அதன் தர்க்கம். அப்புறம் 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் என்கிற வலிநீக்கிகளுக்கும் கால்நடைகளில் தடை. மெலாக்சிகாம் என்கிற வலிநீக்கியைப் போட்டால் பாறுக்கு ஆபத்தில்லை.

சீகூர்ப் பக்கம் பாறுகள் பிழைத்துக் கிடப்பதற்கு ஒரு காரணம், இங்கே அவற்றின் சாப்பாட்டில் பெரும்பங்கு காட்டு விலங்குகள். புலி அடித்துப் போட்ட மான், காட்டெருது. புலிக்கு யாரும் டைக்ளோஃபினாக் போடுவதில்லை. ஆனால் பாறுக்கு வனத்துறை எல்லை தெரியாது. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் சுற்றி வந்துவிடும். புலி மாட்டை அடித்த கோபத்தில் யாராவது பிணத்தில் விஷம் வைத்தாலும், புலிக்கு முன்னால் பாறுகள்தான் சாகும்.

அண்ணன் நடுவில் ஒன்று சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில் காட்டில் தேன் எடுக்கப் போகும்போது பாறுகள் வட்டமிடும் திசையைப் பார்த்து ஒதுங்கிப் போவார்களாம். கீழே பிணம் இருக்கும், பிணத்துக்குப் பக்கத்தில் புலி இருக்கும்.

நாங்கள் கிளம்பும்போதும் குஞ்சு இறக்கையை விரித்துப் பழகிக்கொண்டுதான் இருந்தது. ராத்திரி சரியான தூக்கம். பக்கி என்கிற இராப்பறவை ஒன்று விடுதிக் கூரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டதாகச் சித்தப்பா சொன்னார், எனக்குத் தெரியாது.

திங்கள், மரவகண்டி, தெப்பக்காடு

இன்றைக்குச் சுருக்கமாக.

மரவகண்டி அணை மசினகுடிக்குப் பக்கத்திலேயே. இந்தக் கோடையில் மாயாற்றில் தண்ணீர் எப்படி என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். மலை மேலே பைக்காராவில் தேக்கிய நீர் குழாய்களில் இறங்கிச் சிங்காரா மின்நிலையத்துக்கு வருகிறது. 1932இல் தொடங்கிய நிலையம் அது. அங்கிருந்து மரவகண்டி, பிறகு மாயார் மின்நிலையம், பிறகு ஆறு, கடைசியில் பவானிசாகர். மின்சாரம் எடுக்கும் நேரத்தைப் பொறுத்து ஆற்றில் தண்ணீர் ஏறும், இறங்கும். "வாரியத்துக்காரங்க சுவிட்ச் போட்டா ஆத்துல தண்ணி வரும்" என்கிறார் அண்ணன்.

அணை நீரோரத்தில் நீர்க்காகங்கள், வெண்புருவ வாலாட்டி, மஞ்சள்மூக்கு ஆட்காட்டி. ஆட்காட்டி இருப்பது ஈரக்கரையில் இல்லை, மேலே வறண்ட கல்தரையில். அங்கேதான் முட்டையிடும், கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பக்கம் நடக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார் அண்ணன். நடக்கவில்லை.

தெப்பக்காட்டில் பாலத்துக்குப் பக்கத்து மரத்தில் மீன்பிடி ஆந்தை ஒன்று பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தது. யானை முகாமுக்கு வந்த கூட்டம் மொத்தமும் யானையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஆந்தை அவர்கள் தலைக்கு மேலே. ஒரு சின்னப் பையன் மட்டும் பார்த்துவிட்டு, "அப்பா, பூனை!" என்றான். அப்பா நிமிரவில்லை.

யானை வழித்தடத்தைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை சீகூர் பீடபூமி. அதில் விடுதிகள் முளைத்ததும், வழக்கு நடந்ததும், 2020இல் உச்சநீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்ததும் செய்தியில் படித்திருப்பீர்கள். மூடிய விடுதிகளின் சுவர்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அவற்றை நம்பிப் பிழைத்த உள்ளூர்க்காரர்களின் கதை அந்தச் செய்திகளில் அவ்வளவாக வரவில்லை. அண்ணனின் தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறார்.

செவ்வாய், கோடநாடு

மறுபடியும் மலையேறி, ஊட்டி வழியாகக் கோத்தகிரி, அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை. ஞாயிறன்று பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று பார்த்த அதே மாயாற்றின் கீழ்ப்பகுதியை, இன்று தலைக்கு மேலே நின்று பார்க்கிறோம். பனிமூட்டம் இல்லாதது அதிர்ஷ்டம். பழுப்பு நிறப் பரப்பில் ஆறு நெளிகிறது. நடுவில் ஒரு பச்சைத் துண்டு, அது தெங்குமரஹாடாவின் வயல்கள். ஆற்றின் தென்கரையில் இருப்பதால் பவானிசாகர் பக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் இறங்கிப் பரிசலில் கடக்க வேண்டிய ஊர். வெளியாட்கள் வனத்துறை அனுமதியில்லாமல் போகமுடியாது. அதற்கும் அப்பால் வெள்ளையாக மின்னுவது பவானிசாகர் அணை நீர்.

காட்சிமுனைக் கம்பிக்குக் கீழே உழவாரன்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. கருங்கழுகு ஒன்று மரங்களின் உச்சியைத் தடவுகிற மாதிரி மெதுவாக மிதந்து போயிற்று. கூடு தேடித் திருடும் பறவை அது, சின்னக் குருவிகள் கத்தித் தீர்த்தன. பாறு தென்படவில்லை.

சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அணை இருக்கும் பக்கமே பார்த்தார். கீழ்பவானி வாய்க்கால் அங்கிருந்துதான் கிளம்புகிறது, 2,07,000 ஏக்கர் பாசனம். அவர் வயலுக்குத் தண்ணீர் வருவது பவானி ஆற்றில் இன்னும் கீழே, கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி வாய்க்கால் வழியாக. எப்படிப் பார்த்தாலும் நீர்மருது மரத்தின் அடியில் ஓடிய தண்ணீரில் கொஞ்சம் அவர் நெல்லுக்கும் போகிறது.

"இங்கிருந்து நம்மூரு எத்தன தூரம் இருக்கும், நேர்கோட்டுல?"

வரைபடத்தில் அளந்து சொன்னேன். பாறுக்கு ஒரு நாள் பாடுகூட இல்லை.

கோத்தகிரி பேருந்து நிலையத்தில் மேட்டுப்பாளையம் வண்டிக்காகக் காத்திருக்கும்போது, தன்னிடம் முன்பு வேலை பார்த்த உதவியாளருக்குப் போன் போட்டார். ஊர் நலம், மழை, கறவை மாட்டு விலை எல்லாம் பேசிவிட்டு, இப்போது மாட்டுக்கு வலிக்கு என்ன போடுகிறார்கள் என்று கேட்டார். எதிர்முனைச் சத்தம் எனக்கும் கேட்டது.

"மெலாக்சிகாம்தானுங்க சார். ஆனா அது மெதுவா கேக்குதுன்னு சில பேரு மனுசனுக்கு இருக்கறத நாலஞ்சு குப்பி உடைச்சுப் போட்டுக்கறாங்க."

"யாரு?"

அவர் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொன்னார். சித்தப்பா என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, நான் எழுதி வைத்திருந்த பறவைப் பட்டியலுக்குக் கீழே அவற்றைக் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போய்வருவதாகப் போனில் சொன்னார். பேருந்து வந்தது, ஜன்னலோரம் கிடைக்கவில்லை.